சேர்த்துத் திருப்பிய தாள்கள்

முதலில் பாவசங்கீர்த்தனம். கண் சரியாகத் தெரியாத எண்பது வயது மனுசி ஒருவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும்போது, நடுவில் இரண்டு பக்கங்களை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மேலே வாசித்துக்கொண்டு போனவன் நான். சும்மா விழுங்கவும் இல்லை. தாள் திரும்புகிற சத்தம் கேட்கக் கூடாதென்று இருமினேன். இருமல் இயற்கையாக வந்தது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்வேலைகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டினால், இதற்கு முன்வரிசையில் கதிரை போடவேண்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஒஸ்லோவில் நான் வீட்டு உதவியாளனாக வேலை செய்துகொண்டிருந்தேன். வயது போனவர்களின் வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு தரம் போய், தரை துடைத்து, கோப்பை கழுவி, சூப் சூடாக்கிக் கொடுத்து, மருந்துப் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக்குரிய அறை காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிற வேலை. நான் குடியிருந்தது நகரத்தின் கிழக்குக் கோடியில், எல்லிங்ஸ்ருட்டில். அந்த மனுசி இருந்தது மேற்கில். கிழக்கில் பாதாள ரயில் ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம். ஆனால் நகரத்தின் நடுவைத் தாண்டியதும் பெட்டிக்குள் சத்தம் குறையும்; சப்பாத்துகள் மினுங்கத் தொடங்கும்; கறுத்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கி முடியும். கடைசியில் நான் ஒருவன் மிஞ்சுவேன், பைக்குள் இறப்பர் கையுறைகளோடு.

நானும் என் மனைவியும் அவருக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தோம். நோர்வேயில் இப்போது சீமான்களும் இல்லை, சீமாட்டிகளும் இல்லை. பட்டங்களை எப்போதோ சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தைச் சீமாட்டியின் தளபாடங்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. மூன்றறை வீடுதான். ஆனால் அதற்குள் ஒருவரும் உட்காரக் கூடாத ஒரு கதிரை, ஒருவரும் திறக்காத ஒரு அலுமாரி, என்னைக் கண்டதும் முகம் சுளிக்கிற மூன்று படங்கள். கரண்டிகளின் பிடியில் குடும்பச் சின்னம் பொறித்திருக்கும். அது பருந்து என்று அவர் ஒருநாள் சொன்னார். அதுவரைக்கும் நான் கோழி என்று நினைத்து மினுக்கிக்கொண்டிருந்தேன். பருந்து என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் துடைத்தேன்.

இன்னொரு சிக்கல், மரியாதை. இந்த நாட்டில் மந்திரியையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் என் மேலாளரை 'நீ' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வருடம் அவரை ஒன்றுமே சொல்லாமல் சமாளித்தேன். பிறகு எப்படியோ பழகி, எல்லோரையும் நீ, நீ என்று வாய் நிறையக் கூப்பிட்டு மகிழ்ந்திருந்த காலத்தில் சீமாட்டியிடம் அனுப்பினார்கள். அவருக்கு 'நீங்கள்' வேண்டும். எனக்கும் 'நீங்கள்' தந்தார். பாடுபட்டு மறந்த மரியாதையைத் திரும்பப் படிக்கவேண்டியதாயிற்று. எங்கள் கதைவழி எல்லாம் நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில்தான். இங்கே எழுதியிருப்பது என் காதுக்குள் அது எப்படி விழுந்ததோ அந்தத் தமிழ்.

அவருடைய பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள் மட்டும் தெரியும். ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. என் முகத்தைப் பொறுத்தவரை அதை ஒரு சலுகை என்றே சொல்லவேண்டும்.

ஒரு திங்கட்கிழமை நான் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தபோது, மேசையில் ஒரு புத்தகம் இருந்தது. மண்ணிறத் தோல் அட்டை, முதுகில் அந்தக் கோழி, மன்னிக்கவும், பருந்து.

"தரை இருக்கட்டும்," என்றார் சீமாட்டி. "அழுக்கு இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உங்களுக்கு உரக்க வாசிக்க வருமா?"

அங்கேதான் என் வாய் என்னை விற்றது. "வருமாவா? கோயிலில் நான்தான் வாசிக்கிறவன்," என்றேன்.

பொய் இல்லை. ஊரில், எங்கள் தீவில், தபசு காலத்தில் ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளை ஒருவர் உரக்க வாசிக்க, ஊர் இருந்து கேட்கும். அதற்கென்று ஒரு இராகம் உண்டு. இழுத்து, நடுங்கவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் பள்ளத்தில் கொண்டுபோய் இறக்கவேண்டும். கேட்கிற பெண்கள் அழவேண்டும். அழாவிட்டால் வாசித்தவன் அடுத்த நாள் கடைத்தெருப் பக்கம் போகமுடியாது. நான் வாசித்தால் மூன்றாவது வரிசை வரைக்கும் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். உரக்க வாசிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். நாவல் ஒரு வசந்த காலக் காலையில் ஆரம்பமாகிறது. பெரிய வீடொன்றின் வாசலுக்கு ஒரு குதிரைவண்டி வருகிறது. குருவிகள் கத்துகின்றன. நான் குருவிகளை இழுத்தேன். குதிரையை நடுங்கவிட்டேன். வண்டிச் சில்லைப் பள்ளத்தில் இறக்கினேன்.

சீமாட்டி கையை உயர்த்தினார்.

"யார் இறந்தது?"

"ஒருவரும் இல்லை. குதிரைவண்டி வருகிறது."

"அப்படியென்றால் அது வரட்டும். நீங்கள் அழவேண்டாம்."

அன்றைக்கு நான் சாதாரணக் குரலில் வாசிக்கப் படித்தேன். முப்பத்தைந்து வயதில், முதல் தரமாக.

சூப் குடிக்கும்போது, அந்தப் புத்தகத்தை வாசிக்கச் சொன்ன காரணத்தை அவர் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது நகரத்துக்கு வெளியே, தோட்டமும் குதிரைலாயமும் உள்ள ஒரு பெரிய வீட்டில். அங்கே குளிர்காலத்தில், சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பெரிய அறையில் கூடவேண்டும். தந்தை விளக்குக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பார். தாய் பூத்தையல் போடுவார். பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண் எல்லோரும் சுற்றி இருப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமையென்றால் வேலைக்காரிகளும் கதவோரமாக நின்று கேட்கலாம். புத்தகம் மூடும்வரைக்கும் ஒருவரும் கேள்வி கேட்கக் கூடாது. மூடியதும் நாடாவை வைத்து அலுமாரிக்குள் பூட்டிவிடுவார். சாவி அவருடைய மணிக்கூட்டுச் சங்கிலியில் தொங்கும். அடுத்த நாள் வரைக்கும் கதையில் வருகிறவர்கள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கவேண்டியதுதான். ஒளித்து எடுத்து முன்கூட்டி வாசிப்பது அந்த வீட்டில் களவு.

"அப்பாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை," என்றார். "அவர் பின்னேரமே தனியாக இருந்து பார்த்துவைப்பார். பெண்பிள்ளைகளுக்கு ஆகாததை விடவேண்டும். வாசிக்கிறவருடைய கடமை அது. எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் அப்படித்தான். விட்டது தெரியாமல் விடுகிறவர்தான் நல்ல வாசிப்பாளர்."

"உங்களுக்குத் தெரிந்ததா?"

"எப்போதும். முதலில் மூச்சை உள்ளே இழுப்பார். பிறகு இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவார். இரண்டு தாளுக்குச் சத்தம் வேறு."

இந்தப் புத்தகத்தை அவர் கேட்டது பன்னிரண்டு வயதில். அதில் தந்தை மூன்று இடங்களைத் தாண்டினார். முதல் இரண்டையும் சீமாட்டி பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாவது, கடைசிப் பகுதியில். அதுவரைக்கும் கதைக்குள் ஓடித்திரிந்த அந்த வீட்டுச் சின்னப் பையன் திடீரென்று காணாமற்போனான். புத்தகத்தை மூடியபின் அவர் கேட்டபோது, பையன் பெர்கனில் உள்ள சித்தி வீட்டுக்குப் போய்விட்டான் என்று தந்தை சொன்னாராம்.

"எனக்கு அது பொய் என்று தெரியும். அந்தப் பையனுக்குப் பெர்கனில் சித்தி இல்லை. நான் கவனமாகக் கேட்கிற பிள்ளை. 'அது உனக்கு உரியது அல்ல' என்றார். அவ்வளவுதான்."

வீட்டின் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் நிச்சயமானால் அலுமாரிச் சாவியைக் கொடுப்பார்களாம். அக்காவுக்குக் கிடைத்தது. அக்கா வாசித்தார், வாயே திறக்கவில்லை. சீமாட்டி கலியாணம் கட்டவில்லை. சாவியும் வரவில்லை. பிறகு வீடும் அந்தப் புத்தக அலுமாரியும் அண்ணனுக்குப் போயின.

"அண்ணனைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்பதா?" என்றார், தரையைத் துடையுங்கள் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டதுபோல.

இப்போது அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை. அண்ணனுடைய மகன் அந்த வீட்டை விற்கிறார். புத்தகங்கள் எல்லாம் ஒரே தோல் அட்டைபோட்ட தொகுதி. ஒன்று குறையாமல் ஏலத்துக்குப் போகவேண்டும். இந்த ஒன்றை மட்டும் மூன்று கிழமைக்கு இரவல் தந்திருக்கிறார். அறுபத்தெட்டு வருடம் கழித்துப் புத்தகம் கைக்கு வந்தபோது, வாசிக்கக் கண் இல்லை.

"மருமகன் வாசித்துக் காட்ட மாட்டாரா?"

"என் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் என் நன்மைக்காக எதையாவது விட்டுவிடுவார்கள். அது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. உங்களுக்கு என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்டேன்."

எனக்கு நெஞ்சு விரிந்தது. மூன்று கிழமை என்றால் ஆறு வருகை. புத்தகம் இருநூறு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல். நேரே மூன்றாவது இடத்தைத் தேடிப் பிடிக்கலாமே என்றேன். அவர் தலையசைத்தார். இத்தனை வருடம் பொறுத்துவிட்டு, கள்வனைப்போல் நடுவில் நுழைய முடியாதாம். முதலிலிருந்து, வரிசையாக, ஒரு சொல் விடாமல். அதுதான் உடன்படிக்கை.

அந்த உடன்படிக்கையை நான் இரண்டாவது வருகையிலேயே உடைத்தேன். குசினிக்குள் சூப் சூடேறும்வரை கை சும்மா இருக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய், அடுத்து வருவதைக் கொஞ்சம் பார்த்தேன். பழைய காலத்து நொஸ்க், கடினமான சொற்கள், தடக்குப்படாமல் வாசிக்க ஒரு ஒத்திகை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பார்த்தால், ஒரு இடத்தில் ஓரமாகப் பென்சிலில் மெல்லிய அடைப்புக்குறி. இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று, முடிவுக்கு. தந்தை தாண்டிய முதல் இடம். அதற்குள் கண்ணை ஓட்டினேன். ஓட்டியிருக்கக் கூடாது.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில், மனைவி புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும், ஒரு சிக்கல்," என்றேன்.

"வேலையிலையோ?"

"புத்தகத்திலை. வாற திங்கட்கிழமை வாசிக்கவேண்டிய இடத்திலை ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் வைக்கல் பரணிலை ஏறுகினம்."

"ஏறி?"

"ஏறி என்ன, பொத்தான் கழட்டுகினம்."

"எத்தினை பொத்தான்?"

"நாலுவரைக்கும் பார்த்தனான். பிறகு சூப் பொங்கியிட்டுது."

மனைவி புட்டுக்குழலை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த மனுசிக்கு எண்பது வயசப்பா. அவவுக்குத் தெரியாததையோ நீங்கள் வாசிச்சுக் காட்டப் போறியள்?"

"அவ கலியாணம் கட்டேல்லை."

"நீங்கள் கட்டினனீங்கள்தானே? பிறகு உங்களுக்கு என்ன வெக்கம்?"

"அம்மாவின்ரை வயசிலை இருக்கிற மனுசிக்கு முன்னாலை இருந்து, பொத்தானை ஒண்டு ரெண்டு எண்டு எண்ணச் சொல்லுறீரோ?"

"எண்ணாதேங்கோ. வாசியுங்கோ. அதுதானே உங்களைக் கேட்டவ?"

மனைவி சொல்வது சரி என்று தெரிந்தால் நான் அதற்கு மாறாகத்தான் நடப்பேன். இது என் நெடுநாள் கொள்கை. அதோடு என் வளர்ப்பும் இருக்கிறது. ஊரில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்து ஒழுங்கை முழுவதும் கூடிப் படம் பார்க்கிற காலத்தில், மாமாதான் அதற்குப் பொறுப்பு. கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நெருங்கினால் போதும், மாமாவின் விரல் பொத்தானை அமத்தும். படம் கோடு கோடாக ஓடும். முத்தம் என்பது மனிதர்கள் மிக வேகமாக, நடுங்கி நடுங்கிச் செய்கிற ஒரு காரியம் என்றே நான் பதினாறு வயதுவரை நம்பியிருந்தேன். அப்படி வளர்ந்தவனிடம் வைக்கல் பரணைக் கொடுத்தால் என்ன நடக்கும்?

திங்கட்கிழமை நடந்தது முதலிலேயே சொன்னதுதான். இருமினேன். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். அடுத்த அதிகாரத்தில் தேவாலய மணி அடித்தது, நிம்மதியாக வாசித்தேன். சீமாட்டி ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்.

"தடிமனா?" என்றார் பிறகு.

"கொஞ்சம்."

"என் தந்தை இருமமாட்டார். உங்களைவிடக் கெட்டிக்காரர்."

நான் விட்ட வரியை விரலால் தேடினேன்.

"புத்தகத்தை மூடுங்கள்," என்றார். "தரை அழுக்காக இருக்கிறது."

"தெரியவில்லை என்று சொன்னீர்களே?"

"இப்போது தெரிகிறது."

மிச்ச நேரம் முழுவதும் நான் தரை துடைத்தேன். வியாழக்கிழமையும் தரைதான். புத்தகம் மேசையில் நாடாவோடு கிடந்தது. அவர் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திட்டினால் தாங்கியிருப்பேன். கந்தோருக்குத் தொலைபேசி எடுத்து என்னை மாற்றச் சொல்லியிருந்தாலும் அது ஒரு மாதிரி. அவர் அதெல்லாம் செய்யவில்லை. வாசிப்பைக் கைவிட்டுவிட்டார், அவ்வளவுதான். இன்னும் ஒன்றரைக் கிழமையில் அந்தப் புத்தகம் போய்விடும். தந்தை ஒரு தரம் மூடியதை, எங்கிருந்தோ வந்த நான் இரண்டாம் தரம் மூடிவிட்டேன். தரை பளபளத்தது. நான் துடைத்த தரைகளிலேயே அதுதான் அதிசுத்தம். அதைப் பார்க்க அங்கே ஒரு கண்ணும் இல்லை.

போகும்போது சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். வெறும் மன்னிப்பு எனக்கு வராது. விளக்கமும் சேர்ந்துதான் வரும். டெக்கைச் சொன்னேன். மாமாவைச் சொன்னேன். கோடு கோடாக ஓடிய முத்தங்களைச் சொன்னேன். தந்தையின் பென்சில் கோட்டையும் வைக்கல் பரணையும் நாலு பொத்தானையும்கூடச் சொல்லிவிட்டேன்.

"அந்த மாமா பொத்தானை அமத்தியபோது உங்களுக்கு என்ன வயது?"

"பதினாறு இருக்கும்."

"எனக்கு எண்பது," என்றார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் வருகிறேன் என்றேன். விட்ட நேரத்தைப் பிடித்துவிடலாம் என்றேன். அவர் யன்னல் பக்கமிருந்து திரும்பினார்.

"வாருங்கள். இருமல் மருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள்."

திங்கட்கிழமை தாண்டிய இடத்திலிருந்தே தொடங்கினோம். வைக்கல் பரணில் நான் ஏறியதும் என் வேகம் என்னை அறியாமல் கூடியது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ரயில் நேர அட்டவணையா வாசிக்கிறீர்கள்? மெதுவாக."

மெதுவாக வாசித்தேன். முதலாவது பொத்தான். இரண்டாவது பொத்தான். மூன்றாவது கொஞ்சம் இறுக்கமாம். நாலாவதும் கழன்றதும், அந்தப் பெண்ணுடைய முழங்கைவரைக்கும் நீண்ட கையுறை உரிந்து வந்தது. அவன் அவளுடைய மணிக்கட்டில் ஒரு முத்தம் கொடுத்தான். கீழே யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் இறங்கினார்கள். அதிகாரம் முடிந்தது.

"கையுறையா?" என்றார் சீமாட்டி.

"ஓம். கையுறைதான்."

"அறுபத்தெட்டு வருடம்," என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அப்போதுதான். நானும் சிரித்தேன், ஆனால் என் சிரிப்பில் பாதி வெட்கம். முழு வைக்கல் பரணையும் பார்க்காமல், நாலு பொத்தானைக் கண்டு மனசால் மிச்சத்தை அவிழ்த்தவன் நான்தானே?

இதை வீட்டில் சொன்னபோது மனைவி மூன்று நாளைக்குக் கையுறை போடும்போதெல்லாம் என்னைப் பார்த்து இருமினார்.

இரண்டாவது இடத்திலும் பென்சில் அடைப்புக்குறி ஒழுங்காக இருந்தது. அது காதலே இல்லை. குதிரைக்காரன் ஒருவன் குடித்துவிட்டு, தன் எசமானர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசுகிறான். பட்டம் உள்ளவர்கள் பஞ்சடைத்த பறவைகளைப்போல, தூசு தட்ட ஆள் இருக்கும்வரை அழகாக இருப்பார்கள் என்கிறான். நான் கரண்டிப் பருந்தை நினைத்துக்கொண்டு, குரலில் ஒன்றும் காட்டாமல் வாசித்தேன்.

"இதை வேலைக்காரிகள் கதவடியில் நின்று கேட்டிருப்பார்கள்," என்றார் சீமாட்டி. "அப்பாவைக் குறைசொல்ல முடியாது." அன்றைக்கு அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மூன்றாவதும் இப்படி ஒரு அற்ப விசயமாகத்தான் இருக்கும், அந்தப் பையன் யாருடைய மகன் என்பதில் ஏதோ சங்கதி இருக்கவேண்டும் என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டு திரிந்ததுக்கு வேறு என்ன காரணம்? பெரிய இடத்துப் பெண்கள் அப்படி என்றார், தான் மீன் சந்தையில் பிறந்தவர்போல.

கடைசி வருகை. அடுத்த நாள் மருமகன் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார். இன்னும் நாற்பது பக்கம். நான் நேரத்தோடு வந்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு தாள் திருப்பும்போதும் என் கண் முதலில் ஓரத்துக்குப் போகும், பென்சில் கோட்டைத் தேடி. இல்லை. அடுத்த தாள். இல்லை.

சின்னப் பையன் பனியில் விளையாடிவிட்டு வருகிறான். இருமல். படுக்கவைக்கிறார்கள். தாய் அவனுடைய கம்பளிக் கையுறைகளை அடுப்புக்கு மேலே காயப்போடுகிறாள். நாடகமாடவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெறும் குரலில் வாசித்துக்கொண்டு போனேன். சீமாட்டி கையை உயர்த்தினார்.

"இதை நான் கேட்டதில்லை."

"எதை?"

"இப்போது வாசித்ததை. கையுறை காயப்போட்டதை. வாசியுங்கள்."

வாசித்தேன். வைத்தியர் பனிவண்டியில் வருகிறார். உள்ளே போகிறார். வெளியே வந்து பையனின் தந்தையிடம் ஏதோ சொல்கிறார். மூன்று நாள் போகிறது. தாய் காலையிலும் பின்னேரமும் அந்தக் கையுறைகளை எடுத்து, சூடாக இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, திரும்பவும் அடுப்புக்கு மேலே வைக்கிறாள். அவன் வெளியே போகப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாலாம் நாள் காலையில் வேலைக்காரி அடுப்பு மூட்ட வரும்போது கையுறைகள் அங்கே இல்லை. அவனுக்கு அவற்றைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அதிகாரம் முடிந்தது. அடுத்த அதிகாரத்தில் வேறு ஊர், வேறு மனிதர்கள். நான் நிறுத்தினேன். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. உண்மையான தடிமன் என்று யாரும் நம்பப்போவதில்லை.

"பையன் பெர்கனுக்குப் போகவில்லை," என்றார் சீமாட்டி.

"இல்லை."

"கோடு எங்கே தொடங்குகிறது?"

"கோடு இல்லை."

"நன்றாகப் பாருங்கள்."

புத்தகத்தை விளக்குக்குக் கீழே பிடித்து, முன்னும் பின்னும் பத்துத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பென்சில் கீறும் இல்லை. தாள்கள் புதிதாக, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தன.

"ஒன்றும் இல்லை," என்றேன்.

பனி யன்னலில் வந்து ஒட்டி உருகிக்கொண்டிருந்தது. பிறகு, கரண்டி எண்ணிக்கை சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயது. நாங்கள் இந்தப் புத்தகத்தைக் கேட்டதற்கு முந்திய குளிர்காலத்தில் இறந்தான். அதற்குப் பிறகு வீட்டில் அவனுடைய பெயரைச் சொல்வதில்லை. அம்மா அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் தைப்பார்." ஒருவரும் உட்காரக் கூடாத கதிரையைக் கையால் காட்டினார். "அப்பாவுக்கு நேரெதிரே."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவன் மனிதன். எனக்கு அது வராது. அதுவும் ஒரு விசயம் எனக்குப் பிடிபட்டுவிட்டால், சொல்லி முடிக்கும்வரை நெஞ்சு இடங்கொடுக்காது.

"பாருங்கள்," என்றேன், "அவர் உங்களிடம் ஒளிக்கவில்லை. இதை மட்டும் அவர் முன்கூட்டிப் பார்க்கவே இல்லை. வாசித்துக்கொண்டு போகும்போது நடுவில் வந்து அகப்பட்டுவிட்டார். எதிரே உங்கள் அம்மா. ஒரு மூச்சுக்குள் அவருக்கு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் தாள்களைச் சேர்த்துத் திருப்பியிருக்கிறார். அந்தப் பையனைச் சாகவிடாமல் பெர்கனுக்கு அனுப்பியிருக்கிறார். உங்கள் அக்கா வாசித்துவிட்டு வாய் திறக்காததும் அதனால்தான். அது உங்களுக்கு ஆகாதது என்பதற்காக இல்லை. ஒருவராலும் தாங்க முடியாது என்பதற்காக. அது அன்பு அல்லவா?"

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நொஸ்க்கில் அவ்வளவு நீளத்துக்குத் தடக்குப்படாமல் நான் அதற்கு முன் பேசியதில்லை.

சீமாட்டி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். மூடி, மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை அவர் சொல்லியிருக்கலாம்," என்றார்.